ஜிஞ்சர்லியில் இஞ்சி உண்டா?

ஜனவரி 4, வாசகர் கேள்வி

சேரம்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஜிஞ்சர்லி என்று ஒரு சொல் இருக்கிறது. 'மிகவும் ஜாக்கிரதையாக' என்று பொருள் போட்டிருக்கிறார்கள். என் மகளுக்கு டியூஷன் சார் சொன்னாராம்: இஞ்சியைக் கடித்தால் காரம் ஏறும், பயந்து பயந்துதான் மெல்லுவோம், அதிலிருந்து வந்த சொல் என்று. இது சரியா? நான் இஞ்சி வாங்கி விற்கிறவன். இருபது வருடத்தில் யாரும் இஞ்சியைப் பயந்து மென்று பார்த்ததில்லை. துப்பித்தான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 4, இரவு

அந்த டியூஷன் சார் நானாக இருக்க வாய்ப்பு அதிகம். பந்தலூர் வட்டாரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேறொரு ஆளை எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாகச் சொல்கிறேன். கரும்பலகையில் இஞ்சிக் கிழங்கு படம்கூடப் போடுவேன். நன்றாகவே வரும்.

கதை தப்பு. ஜிஞ்சர்லிக்கும் இஞ்சிக்கும் பிறப்பில் உறவு கிடையாது. போன மழைக்காலத்தில்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்த பிறகும் வகுப்பில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மீதி நாளை.

ஜனவரி 5

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது 1510-களில். அப்போது அதற்கு 'ஜாக்கிரதையாக' என்ற பொருளே இல்லை. 'நேர்த்தியாக, நளினமாக' என்பதுதான் பொருள். நடனத்திலும் நடையிலும் கால்களைச் சின்னச் சின்னதாக, அழகாக எடுத்து வைப்பதைச் சொன்னார்கள். இடுப்பில் கொசுவம் கலையாமல் மணமேடைக்குப் போகிற பெண்ணின் நடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1600 வாக்கில்தான் 'தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ' என்கிற இன்றைய பொருள் வந்து உட்கார்ந்தது.

வேர்ச்சொல் பழைய பிரெஞ்சு மொழியின் 'ஜென்சோர்' ஆக இருக்கலாம் என்று ஆக்ஸ்போர்டு அகராதி சொல்கிறது. 'இருக்கலாம்' என்பது அவர்கள் போட்ட சொல்தான். அதைத் தூக்கிவிட்டு யாரும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டாம். 'ஜென்ட்' என்றால் நயமான, மென்மையான. 'ஜென்சோர்' என்றால் அதைவிட நயமான. அதற்கும் அடியில் லத்தீனில் 'பிறந்த' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. வெறும் பிறந்த, நல்ல குடியில் பிறந்த ஆகி, பிறகு நல்ல குடியில் பிறந்தவர்களைப் போல நயமான என்று ஆகியிருக்கிறது. ஜென்டில், ஜென்டீல், ஜான்ட்டி எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். ஜென்டில்மேனில் இருக்கும் ஜென்டில் இதுவேதான்.

ஆக நம்முடைய சொல் பெரிய வீட்டு நடன அறையில் பிறந்தது. அடுக்களையில் அதற்கு வேலை இருந்ததில்லை.

ஜனவரி 5, பின்னேரம்

தாளூர்க்காரர் ஒருவர் கேட்கிறார்: பிரெஞ்சு 'ஜென்சோர்' எப்படி 'ஜிஞ்சர்' ஆகும், காது செவிடா?

காது செவிடில்லை. பழக்கப்பட்ட சொல்லின் பக்கம் காது சாய்ந்துவிடும், அவ்வளவுதான். ஆங்கிலத்திலேயே சாட்சி இருக்கிறது. ஜிஞ்சர்பிரெட் என்ற பலகாரத்தின் பெயர் 'ஜின்ஜம்ப்ராஸ்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல். இஞ்சியைப் பதப்படுத்தி வைத்ததற்குப் பெயர் அது. அதில் ரொட்டி எங்குமே இல்லை. கடைசி அசையைக் கேட்டவர்கள் 'பிரெட்' என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு பெயருக்கு ஏற்றமாதிரி பலகாரமே மாவுப் பண்டமாகிவிட்டது.

நம் பக்கமும் குறைவில்லை. நான் பிறந்தது எஸ்டேட் லயத்தில். லைன் வீடுகள் லயன் ஆகி, லயம் ஆகின. சின்ன வயதில் 'சுருதி லயம்' என்று ரேடியோவில் கேட்டபோது, நம் வீட்டைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பாவுக்கு ஒவ்வொரு காலையும் பெரட்டுக்களத்தில் ஆஜர். பரேடுதான் பெரட்டு. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 7

இதைத்தான் எதிர்பார்த்தேன். 'ஜிஞ்சர்லிதானே அவர்களுடையது, ஜிஞ்சர் நம்முடையது' என்று கம்பத்து அக்கா எழுதியிருக்கிறார். முழுக்கச் சரி, அக்கா.

ஜிஞ்சரைப் பின்னோக்கி இழுத்தால் பிற்கால லத்தீனில் ஜிஞ்ஜிபெர், கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், பாலியில் சிங்கிவேர. அதற்கும் பின்னால் நிற்பது திராவிட மொழியின் இஞ்சிவேர். நம் இஞ்சி, நம் வேர். தமிழும் மலையாளமும் இன்னும் பிரித்துச் சொல்லாத அதே 'இஞ்சி'. ஒரு செடியின் பெயர் மிளகுக் கப்பலில் ஏறி ஐரோப்பா வரை போய், திரும்பி வரும்போது ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இருந்து நம்மையே கேள்வி கேட்கிறது.

தாவரவியல் பெயரான சிஞ்ஜிபர் அஃபிசினேல் என்பதிலும் அதே இஞ்சிவேர்தான். அந்தப் பெயரை 1807-இல் வைத்தவர் ராஸ்கோ.

மதுரைக்காஞ்சியில் இஞ்சியும் மஞ்சளும் சேர்ந்து வருகின்றன. பழந்தமிழில் இஞ்சி என்றால் கோட்டை மதில் என்றும் பொருள் உண்டு. அதையும் இதையும் முடிச்சுப்போட்டு, 'மதில்மேல் பூனை ஜாக்கிரதையாக நடப்பதால் ஜிஞ்சர்லி' என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். நானே ஆரம்பித்திருப்பேன், பதினோரு வருடத்துக்கு முன்னால்.

ஜனவரி 7, இரவு

மேலே ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். சமஸ்கிருதத்தில் சிருங்கவேரம் என்பார்கள், 'கொம்பு போன்ற உடல் கொண்டது' என்று விளக்கம் சொல்வார்கள். கல்லூரியில் எனக்குச் சொன்னதும் அதுதான். கிழங்கைப் பார்த்தால் மான்கொம்பு போலத்தான் இருக்கிறது, நம்பவும் தோன்றும். ஆனால் அது வெளியிலிருந்து வந்த சொல்லுக்குப் பிறகு தைத்த சட்டை. அதாவது நான் கரும்பலகையில் செய்த அதே வேலையை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே யாரோ செய்திருக்கிறார். கொஞ்சம் ஆறுதல்.

ஜனவரி 9

பயன்பாடு பற்றிக் கேட்டவருக்கு.

கேர்ஃபுல்லி வேறு, ஜிஞ்சர்லி வேறு. கணக்கைக் கேர்ஃபுல்லியாகப் போடலாம், ஜிஞ்சர்லியாகப் போட முடியாது. கையோ காலோ உடம்போ அதில் இருக்க வேண்டும். தொடுகிற பொருள் உடைந்துவிடும், அல்லது தொடுகிறவருக்கு வலிக்கும் என்ற பயம் இருக்க வேண்டும். உடைந்த விளக்குச் சிம்னியைப் பொறுக்குவது ஜிஞ்சர்லி. கால் சுளுக்கியவர் முதல் அடி வைப்பது ஜிஞ்சர்லி. சாயங்காலம் லயத்து வளைவில் யானை நிற்கிறது என்று யாரோ சொன்ன பிறகு, தலையை மட்டும் நீட்டிப் பார்ப்பது சுத்தமான ஜிஞ்சர்லி. அந்த வளைவில் நான் பார்த்த எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள், அப்புறம் ஜிஞ்சர்லியை மறந்துவிட்டு ஓடினார்கள்.

பேச்சுக்கும் வரும். பணம் கடன் கேட்பது, வீட்டில் பெரியவரிடம் வரன் பேச்சை எடுப்பது. அங்கே உடைவது கண்ணாடியாக இருக்காது, அவ்வளவுதான்.

இலக்கணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வால் 'லி' என்று முடிவதால் வினையடை என்று நினைப்போம். பெயரடையாகவும் அதேதான். ஜாக்கிரதையான நடைக்கும் ஜிஞ்சர்லி, ஜாக்கிரதையாக நடந்ததற்கும் ஜிஞ்சர்லி. ஃபிரெண்ட்லி படும் பாடு இதற்கும் உண்டு. 'ஜிஞ்சர்லிலி' என்று எழுதிய ஒரு பையனுக்கு அரை மதிப்பெண் கொடுத்தேன், தர்க்கம் பிடித்திருந்தது.

ஜனவரி 10

நேர்த்தியிலிருந்து பயத்துக்கு இந்தச் சொல் எப்போது நகர்ந்தது என்று கேட்டவருக்கு ஒரு கீல் காட்டுகிறேன். ஷேக்ஸ்பியரின் 'வெரோனாவின் இரண்டு ஜென்டில்மேன்கள்' 1590-களின் நாடகம். தோழி கீழே விழுந்த கடிதத்தைக் குனிந்து எடுக்கிறாள். என்ன அது, அவ்வளவு ஜிஞ்சர்லியாக எடுத்தாய் என்று எஜமானி ஜூலியா கேட்கிறாள். நளினமாக எடுத்தாளா, எஜமானிக்குத் தெரியாமல் எடுக்கப் பார்த்தாளா? இரண்டுமே. பழைய பொருளும் புதிய பொருளும் அந்த ஒரு குனிதலில் ஒன்றாக நிற்கின்றன. நாடகத்தின் தலைப்பிலேயே ஜென்டில்மேன் இருப்பது கூடுதல் லாபம்.

ஜனவரி 12

நேற்று இரவெல்லாம் இதே யோசனை. தமிழில் இதற்கு என்ன சொல்வது?

'ஜாக்கிரதையாக' என்றால் பாதிதான் வருகிறது. பயம் வருகிறது, மென்மை போய்விடுகிறது. 'மெதுவாக' என்றால் வேகம் மட்டும் குறைகிறது. 'பதனமாக' கிட்டத்தட்ட வருகிறது. பாட்டி முட்டைக் கூடையைக் கொடுத்துவிட்டுச் சொல்லும் சொல் அது. 'அலுங்காமல் குலுங்காமல்' இன்னும் நெருக்கம், ஆனால் சுமக்கிற பொருளுக்கு மட்டும்தான். சுளுக்கிய காலுக்குச் சொல்ல முடியாது. 'பதவிசாக' என்பது குணம், செயல் அவ்வளவாக இல்லை. 'பைய' இருக்கிறது. அதுவும் வேகம்தான், இருந்தாலும் காதுக்கு இதம். எங்கள் கேரள எல்லையில் அது இரண்டு பக்கமும் செல்லும். எருமாட்டுச் சந்தையில் மலையாளத்துக்காரர்கள் சொல்வார்கள்: பையெத் தின்னால் பனயும் தின்னாம். பைய, பைய.

பிறகு 'நாசூக்காக' நினைவுக்கு வந்தது. எழுந்து விளக்கைப் போட்டேன்.

நாசூக்கு பாரசீகத்தின் 'நாசுக்'. மென்மையான, நுட்பமான என்று பொருள். உருது வழியாக நம்மிடம் வந்தது. 'நாசூக்கான ஆள்' என்றால் நயமானவர். ஆனால் 'நாசூக்காகச் சொன்னான்' என்றால்? எதிராளிக்கு வலிக்காமல், தனக்கும் பிரச்சினை வராமல் சொன்னான். நயம் கவனமாகிவிட்டது. ஆங்கிலத்தில் நடந்த அதே நகர்வு.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று. இது எனக்கு நாசூக்கைவிடப் பிடித்திருக்கிறது.

சுல்தான் பத்தேரி போகும் பஸ்ஸில் இறங்கும்போது கண்டக்டர் சொல்வார்: சூட்சிச்சு எறங்கணே, சேச்சி. வழியெங்கும் போர்டு: சூட்சிக்குக, ஆன கடக்கும் இடம். கவனம் என்று பொருள். அந்தச் சொல்லைப் பிளந்தால் உள்ளே இருப்பது சூட்சுமம், அதாவது நுண்மை. நுண்மையாகப் பார்ப்பது மலையாளத்தில் கவனமாக இருப்பதாகிவிட்டது. பத்திரமாக வைத்துக்கொள்வதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான்.

தமிழில் அதே சூட்சுமம் வேறு பக்கம் போய்விட்டது. 'அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது' என்றால் ரகசியம், தந்திரம். ஒரே சொல் சோதனைச்சாவடிக்கு அந்தப்பக்கம் யானையைப் பற்றி எச்சரிக்கிறது, இந்தப்பக்கம் சீட்டு விளையாடுகிறது.

மூன்று மொழி, மூன்று வேர். மூன்றிலும் நயத்தைக் குறித்த சொல்தான் கவனத்துக்கு நகர்ந்திருக்கிறது. எனக்குத் தோன்றும் காரணம் இது. நளினமாக ஒன்றைச் செய்கிறவரைத் தூரத்திலிருந்து பார்த்தால், அவர் அழகுக்காகச் செய்கிறாரா, உடைந்துவிடும் என்று செய்கிறாரா என்று தெரியாது. கை அசைவு ஒன்றேதான். பார்த்தவர் தன் பயத்தை அதில் போட்டுப் படித்துக்கொண்டார்.

ஜனவரி 13

'மூன்று உதாரணத்தை வைத்து விதி எழுதாதீர்கள் சார்' என்கிறார் தாளூர்க்காரர். ஏற்கிறேன். விதி என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஆச்சரியத்தை வாபஸ் வாங்கமாட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டியாயிற்று. 'ஜிஞ்சர்லியாகக் கட்டுங்கள்' என்றேன். மனைவி பார்த்த பார்வையில் சொல்லாராய்ச்சி இன்றைக்கு நின்றது.

ஜனவரி 18

யாரோ படம் போட்டிருக்கிறார்கள்: நல்லெண்ணெய்ப் பாட்டிலில் ஜிஞ்செல்லி என்று இருக்கிறதே, அது?

அது மூன்றாவது ஆள், இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. எள்ளுக்கு அரபியில் ஜுல்ஜுலான், போர்ச்சுகீசியத்தில் ஜெர்ஜெலிம். அந்த வழியில் வந்தது. நம் ஊரில் எள் என்று இரண்டெழுத்தில் முடிகிற விஷயம்.

ஜனவரி 21

'ஜிஞ்சர் அப்' என்றால் உசுப்பிவிடுவது. இங்கே நிஜமாகவே இஞ்சி இருக்கிறது, ஆனால் இருக்கும் இடம் கொஞ்சம் சங்கடம். குதிரை வியாபாரிகள் கிழட்டுக் குதிரையைத் துடிப்பாகக் காட்ட, வாலுக்குக் கீழே இஞ்சியை வைத்துவிடுவார்கள். 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியிலேயே இந்த வேலை பதிவாகியிருக்கிறது. வைக்கும்போது ஜிஞ்சர்லியாகத்தான் வைத்திருப்பார்கள். இதை வகுப்பில் சொல்ல முடியாது. இஞ்சி தின்ற குரங்கைப் பற்றி நமக்குத் தெரியும், குதிரையின் கஷ்டத்தை யார் கேட்டார்கள்?

ஜனவரி 24

இந்தச் சொல்லோடு எனக்கு என்ன தீராத பகை என்று கம்பத்து அக்கா கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன்.

படிப்பு முடித்த புதிதில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். அப்பா தன் ஒரே வெள்ளைச் சட்டையைக் கொடுத்து அனுப்பினார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் இந்தச் சொல்லைச் சொல்லி ஒரு வாக்கியம் கேட்டார். அதற்கு முன் அந்தச் சொல்லை நான் பார்த்ததே இல்லை. ஆனால் இஞ்சியைத் தெரியும். 'அம்மா டீயை ஜிஞ்சர்லியாகப் போட்டாள்' என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் சிரித்தார். 'எஸ்டேட் பையனா?' என்று தமிழில் கேட்டார். ஆமாம் என்றேன். போகலாம் என்றார்கள்.

வெளியே வந்து அகராதியில் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இஞ்சியைச் சொன்னதில் நான் முழு முட்டாள் இல்லை என்று. அங்கேதான் அந்தக் காரக் கதை பிறந்தது. யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை, நானே செய்தது. வேலை கிடைக்காததால் டியூஷன். டியூஷனில் அந்தக் கதை.

எஸ்டேட் பையன் என்றது இப்போதும் உறைக்கிறது. நேற்று இன்னொன்றும் தோன்றியது. நல்ல குடியில் பிறந்தவன் என்ற வேரிலிருந்து வந்திருக்கக்கூடிய சொல்லை வைத்துத்தான் என் குடியைக் கேட்டார்கள். அவர்களுக்கும் அது தெரிந்திருக்காது.

ஜனவரி 25

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். சட்டை அப்பாவின் ஒரே சட்டை இல்லையாம். அம்மா படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். இரண்டு இருந்ததாம்.

பிப்ரவரி 2

வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். சேரம்பாடி இஞ்சிக்காரரின் மகள் முன்வரிசையில். அப்பா சொல்லி ஏற்கெனவே எல்லாம் தெரிந்த முகம். ஒரு பையன் எழுந்தான்: 'அப்போ போன வருசம் படிச்சவங்களுக்கு யார் சார் சொல்றது?'

நியாயம். பழைய மாணவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பலர் கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் ஒருவன் மட்டும் எழுதினான். 'சார், நீங்க சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வார்த்தைல எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான். அந்த இஞ்சிப் படத்தால. இப்ப எடுத்துடாதீங்க.'

என்ன பதில் போடுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6

எங்கள் அரை ஏக்கரில் இன்று இஞ்சி தோண்டுகிறோம். போன மே மழைக்கு வைத்தது, இலையெல்லாம் காய்ந்து சாய்ந்துவிட்டது. ஒரு ஓரத்தில் அழுகல் விழுந்து நாலு பாத்தி போயிற்று. மீதி பரவாயில்லை.

தூம்பாவை, அதாவது மண்வெட்டியை, தள்ளி இறக்கி, மண்ணை நெம்பி, கையை விட்டுக் கிழங்கை முழுக் கொத்தாக எடுக்க வேண்டும். கிழங்கின் விரல் ஒடிந்தால் சாக்கில் சேருமே தவிர விலையில் சேராது. அறுபது கிலோ சாக்குக்கு எத்தனை ஒடிசல் என்று சேரம்பாடிக்காரர் குனிந்து பார்ப்பார். ஆம், கேள்வி கேட்ட அதே ஆள்தான் வாங்க வந்திருக்கிறார். வேலைக்கு வந்த சேச்சி ஒவ்வொரு கொத்தையும் இரண்டு கையில் ஏந்தி, மண்ணை ஊதிவிட்டு வைக்கிறார். நான் அவசரத்தில் ஒன்றை ஒடித்துவிட்டேன்.

'சாரே, சூட்சிச்சு' என்றார்.

சேரம்பாடிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே ஒடிந்த துண்டை எடுத்து மண்ணைத் துடைத்துக் கடித்தார். மென்றார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பயந்து பயந்து மெல்லவில்லை என்பதைக் காட்டத்தான் என்று புரிந்தது.